மிட்டாய் வீடு, சாக்லேட் ஆறு: கதையிலும் மேடையிலும் எப்படி நிற்க வைப்பது?

குட்டிக்கதை (இழையைத் தொடங்கியவர்)

எட்டிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளுக்காக மிட்டாய் உலகம் ஒன்றை வைத்துக் கதை. அதையே பிறகு 20 நிமிட மேடை நாடகமாகவும் குறும்படமாகவும் செய்வதாகத் திட்டம். இரண்டு கேள்விகள்.

முதலாவது எழுத்து பற்றியது. மரமெல்லாம் லாலிபாப், மலையெல்லாம் ஐஸ்கிரீம், மேகமெல்லாம் பஞ்சு மிட்டாய் என்று அடுக்கினால் முதல் பக்கம் ஜோராகத்தான் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் திகட்டிவிடுகிறது. இதே சரக்கை வைத்து எழுதிய சில கதைகள் தலைமுறை தாண்டி நிற்கின்றனவே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது?

இரண்டாவது கைவேலை. ஓடுகிற சாக்லேட் ஆறு, உடைத்து வாயில் போடக்கூடிய ஜன்னல், கடித்துப் பார்க்கக்கூடிய சுவர். இதில் எதை நிஜ மிட்டாயில் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? அளவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

நூலகப்பூனை

திகட்டுகிறது என்றால் கதைக்குள் யாருக்கும் பசி இல்லை என்று அர்த்தம்.

கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட தொகுப்பில் ஹான்சலும் கிரேட்டலும் காட்டில் பார்க்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் நினைவில் அது இஞ்சி ரொட்டி வீடு. அச்சில் இருப்பதோ ரொட்டிச் சுவர், கேக் கூரை; ஜன்னல் மட்டும்தான் சர்க்கரை. வீட்டில் ரொட்டிக்கு வழியில்லாமல்தான் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். வழி தெரிவதற்காகப் போட்டுவைத்த ரொட்டித் துணுக்குகளையும் பறவைகள் தின்றுவிடுகின்றன. முதல் வரியிலிருந்து இல்லாமல் போய்க்கொண்டே இருந்த பொருள், கடைசியில் ஒரு வீடாகவே எதிரில் வந்து நிற்கிறது. அங்கே வெறும் ரொட்டியே போதும், லாலிபாப் தேவைப்படவில்லை. 1893-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க் இதை ஓபரா ஆக்கியபோது வேலி முழுக்க இஞ்சி ரொட்டிப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பசி பின்னால் போகப் போக அலங்காரம் முன்னால் வருகிறது.

அடுத்து பிரிட்டன். மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் அங்கே 1942 ஜூலையில் ரேஷன் தொடங்கி 1953 பிப்ரவரியில்தான் முடிந்தது. நடுவே 1949-ல் எடுத்துப் பார்த்தார்கள். இருப்பு தாங்காமல் சில மாதத்திலேயே திரும்பவும் போட்டார்கள். பெரும்பாலான காலம் தலைக்கு வாரம் 3 அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம். இப்போது 1950-ல் வந்த நார்னியா நூலைப் பாருங்கள். சூனியக்காரி எட்மண்ட் என்ற பையனுக்குக் கொடுக்கும் வட்டப் பெட்டியில் டர்கிஷ் டிலைட் என்ற மென்மையான இனிப்பு பல பவுண்டு இருக்கிறது. ஒரு பவுண்டு 16 அவுன்ஸ்; ஒரே ஒரு பவுண்டே ஐந்து வார ரேஷனைத் தாண்டுகிறது. பனியில் வண்டியில் உட்கார்ந்து அதை மொத்தமாக விழுங்கும் பையனை அன்றைய வாசகப் பிள்ளை எப்படிப் பார்த்திருக்கும்! அண்ணன் அக்காளை அவன் காட்டிக்கொடுப்பதற்கு வேறு நியாயம் சொல்லவே வேண்டியதில்லை.

ரோல்ட் டாலின் 'சார்லியும் சாக்லேட் தொழிற்சாலையும்' நூலில் (1964) வரும் ஏழைப் பையன் சார்லிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு சாக்லேட், பிறந்தநாளுக்கு. அதைக் கொறித்துக் கொறித்து ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பான். மற்ற நாளெல்லாம் முட்டைக்கோஸ் சூப். பின்னால் வரும் சாக்லேட் ஆற்றுக்கு அகலம் கொடுப்பது இந்த ஒரு மாதக் கொறிப்புதான்.

ஆகவே முதல் இனிப்பு வருவதற்கு முன் குறைந்தது இரண்டு இடத்திலாவது இல்லாமையைக் காட்டிவிடுங்கள். ஏழ்மைதான் வேண்டும் என்பதில்லை. பல்வலி, வீட்டில் தடை, ஒரு மிட்டாயை நான்கு பேர் கடித்துப் பங்கிடுவது, எதுவும் ஆகும்.

---

பாகுப்பதம்

பூனை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி பொருளில் இருக்கிறது.

நீங்கள் அடுக்கிய லாலிபாப், ஐஸ்கிரீம், பஞ்சு மிட்டாய் மூன்றும் வெறும் நிறமாகத்தான் வந்து போகின்றன. மிட்டாய் ஒரே பொருள் இல்லை. செய்கிறவர்கள் கண்ணுக்கு அது பல குடும்பம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும். கதை கிடைப்பது அந்தக் கெடுதலில்தான்.

லாலிபாப் உண்மையில் கண்ணாடி. சர்க்கரைப் பாகை 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, படிகம் கட்டுவதற்குள் ஆற விட்டால் கிடைப்பது. வெயில் பட்டவுடன் உருகிவிடாது. ஈரக்காற்றுதான் அதன் எமன். முதலில் மேல்தோல் பிசுபிசுக்கும், பிறகு படிகம் கட்டி வெள்ளையாக மங்கும். லாலிபாப் ஜன்னல் வைத்த வீட்டில் மழைக்காலம் தொடங்கினால் வெளியே யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சூனியக்காரி வரும் நேரத்துக்கு இதைவிட நல்ல கடிகாரம் கிடைக்காது. கற்கண்டு இதற்கு நேர் எதிர். அதில் பாகு நிதானமாகப் படிகமாகும். நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், ஆட்டினால் கெட்டுப்போகும். பொறுமையைச் சோதிக்கும் குகைக்கு அது பொருந்தும்.

ஜெல்லியில் இரண்டு ஜாதி உண்டு, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஜெலட்டினில் செய்தது 35 டிகிரி வாக்கில் இளகிவிடும். உள்ளங்கைச் சூடே போதும். அகர் அகரில் (கடல்பாசியில்) செய்தது 85 டிகிரி வரை அசையாது, ஆனால் வளைத்தால் பட்டென்று பிளக்கும். உங்கள் ஊரில் ஜெல்லிப் பாலம் இருந்தால் அது எதில் செய்தது என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். ஒன்று நடுப்பகலில் தொய்யும். இன்னொன்று தொய்யாது, பத்துப் பேர் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரண்டும் வேறு வேறு அத்தியாயம்.

மார்ஷ்மெல்லோ அதே ஜெலட்டின், காற்றடித்தது. மெத்தையாக அருமை, ஆனால் கன்னத்தை வைத்துத் தூங்கினால் உடல் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சு மிட்டாய் மெல்லிய சர்க்கரை நூல். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடத்தில் ஓட்டை. (1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அதை ஊருக்குக் காட்டிய இருவரில் ஒருவர் பல் மருத்துவர். கதையில் எழுதினால் செயற்கை என்பார்கள்.)

சாக்லேட்தான் ராஜா. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

---

மூன்றாம்வரி

ஒரு மறுப்பு. பிள்ளைகள் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. எத்தனை சப்பினாலும் கரையாத மிட்டாய், மூன்று கட்டச் சாப்பாடும் தரும் சூயிங்கம், இதெல்லாம் எந்த வேதியியலில் வரும்? அவைதானே காலத்துக்கும் நிற்கின்றன. இப்படி விதி விதியாகச் சேர்த்தால் கதை சமையல் கையேடாகிவிடும். கற்பனைக்கு உருகுநிலை எதற்கு?

---

பாகுப்பதம்

அந்த இரண்டையுமே எடுத்துக்கொள்வோம். கரையாத உருண்டை மிட்டாய் டாலின் நூலில் வாரத்துக்கு ஒருமுறை நிறம் மாறுகிறது. ஏன் நிறம்? நிஜ உருண்டை மிட்டாயே அப்படித்தான். சுழலும் கொப்பரையில் ஒரு சர்க்கரை மணியைப் போட்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்ததை ஏற்றுவார்கள். பெரிய உருண்டை முடிய வாரக்கணக்கில் ஆகும். இடையில் நிறம் மாற்றினால் சப்பும்போது அடுக்கடுக்காக நிறம் மாறும். அவர் செய்தது ஒன்றே ஒன்று: கரைவதை நிறுத்தினார். மீதியெல்லாம் பிள்ளைக்கு வாயில் பழகியது.

சூயிங்கம்மும் அப்படியே. சுவை மாறிக்கொண்டே போவது நிஜத்தில் உண்டு. அவர் அதைச் சூப், வறுத்த மாட்டிறைச்சி, அவுரிநெல்லிப் பை என்று நீட்டினார். கடைசிக் கட்டத்தில் கோளாறு, மென்ற சிறுமி ஊதிப்போகிறாள். எனிட் பிளைட்டனின் மாய மரக் கதைகளில் வரும் டாஃபி சப்பச் சப்பப் பெரிதாகி வாயில் வெடிக்கும். பல்லில் ஒட்டிய டாஃபி வாயையே அடைப்பது போலத் தெரியும் அல்லவா, அந்த அனுபவத்தின் நீட்சி. அந்த நூல்வரிசை 1939-ல் தொடங்கியது. வாயில் நிஜமாகவே வெடிக்கும் மிட்டாயை, அதாவது சுமார் 40 மடங்கு காற்றழுத்தத்தில் கரியமில வாயுவைப் பாகுக்குள் அடைத்ததை, 1956-ல்தான் கண்டுபிடித்தார்கள்; கடைக்கு வந்தது 1975-ல்.

ஒரு பண்பை மட்டும் மீறுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி. எல்லாவற்றையும் மீறினால் அது மிட்டாயாகவே இருக்காது, நிறம் பூசிய பிளாஸ்டிக்.

உருகுநிலை எதற்கு என்று கேட்டீர்கள். டாலின் அதே நூலில் புதுச்சேரி இளவரசர் ஒருவர் வருகிறார். நூறு அறை கொண்ட அரண்மனை. செங்கல், சாந்து, சுவர், கூரை எல்லாம் சாக்லேட். சீக்கிரம் தின்றுவிடுங்கள், நிற்காது என்கிறார் கட்டிக்கொடுத்த சாக்லேட் தொழிற்சாலை முதலாளி வொன்கா. இளவரசர் கேட்கவில்லை. ஒருநாள் வெயில் கொளுத்துகிறது. தூங்கி எழுந்தால் பழுப்புக் குளத்தில் நீந்துகிறார். அந்தக் கதைக்கு முழு ஆதாரம் ஒரே எண்தான்: நன்றாகப் பதப்படுத்திய சாக்லேட்டில் கொக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம் உடல் 37. வாயில் கரைவதும் அரண்மனை கரைவதும் ஒரே காரணத்தால். அவர் ஏன் பனிநாட்டு அரசரைத் தேர்ந்தெடுக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்.

---

மூன்றாம்வரி

சரி, அரண்மனையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறு? அதே ஆசிரியர்தான் அருவியில் விழவைத்துச் சாக்லேட்டைக் கலக்குகிறார். அது எந்தத் தொழிற்சாலையில் நடக்கும்?

---

பாகுப்பதம்

எங்கும் நடக்காது. நிஜத்தில் அந்த வேலையைச் செய்வது கான்ச் என்ற இயந்திரம். 1879-ல் ரோடால்ஃப் லிண்ட் கொண்டுவந்தது. சாக்லேட்டைச் சூடாக மணிக்கணக்கில் பிசைந்து, புளிப்பு வாசனையை ஓட்டி, மணல்தன்மையை அடக்கும். அருவியாக விட்டால் காற்றுக் குமிழி புகும். குழம்பு தடிப்பு என்பதால் குமிழி வெளியேறாது. இங்கே ஆசிரியர் பொருளை மீறியிருக்கிறார், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த கரண்டி விட்டுக் கலக்குவதைத்தான் பெரிதாக்கியிருக்கிறார்.

ஆற்றை நேர்மையாக எழுதினால் என்னென்ன கிடைக்கும் என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஓட வேண்டுமானால் அது 40 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். விழுந்த பிள்ளைக்கு வெந்நீர்க் குளியல் போலத்தான் இருக்கும், வெந்து போகாது. அடர்த்தி தண்ணீரைவிடச் சுமார் கால் பங்கு அதிகம். அதனால் மூழ்குவது கடினம், உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு மேலே நிற்கும். ஆனால் பிசுக்கு தண்ணீரைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. கையை வீசினால் நகராது. "ஐயோ மூழ்குகிறான்" என்று எழுதுவதைவிட "மிதக்கிறான், ஆனால் கரைக்கு வர முடியவில்லை" என்பது பயங்கரமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும்.

இன்னும் ஒன்று, கதைக்காரர்கள் ஏன் எடுத்தாளவில்லை என்று தெரியாத ஒரு சங்கதி. உருகிய சாக்லேட்டில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் இளகாது, இறுகும். சர்க்கரைத் துகள்கள் கொழுப்பில் மிதந்துகொண்டிருக்கின்றன. ஈரம் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டரே போதும், மொத்தமும் களிமண். ஆக, வில்லனுக்கு வேண்டியது வெடிகுண்டு இல்லை, நாலு வாளித் தண்ணீர். சரி, மீட்பது எப்படி? இன்னும் தண்ணீர் ஊற்ற வேண்டும்! எடையில் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை போனால் சர்க்கரை கரைந்து, கொழுப்பு அதில் கலந்து, திரும்பவும் வழவழவென்று ஓடும். ஊரே "தண்ணீரை நிறுத்து" என்று கத்தும்போது ஒரு பிள்ளை மட்டும் மதகைத் திறக்கச் சொல்கிறாள். விலை உண்டு: அந்த ஆறு இனி கட்டிச் சாக்லேட்டாக உறையாது, என்றைக்கும் குழம்புதான்.

---

குட்டிக்கதை

மதகு சூப்பர். எடுத்துக்கொள்கிறேன். இப்போது மேடை ஆறு. நிஜ சாக்லேட் வேண்டாம் என்பது புரிகிறது. பின் எது?

---

அரங்கப்பொருள்

உணவை ஆறாக ஓட விடவே கூடாது. சார்லி கதையை வைத்து எடுத்த 1971 படத்துக்குத் தண்ணீர், சாக்லேட், கிரீம் என்று கலந்து ஆறு செய்தார்கள். படப்பிடிப்பு முடிவதற்குள் புளித்து நாற்றமெடுத்தது. பால் பொருள், சூடான விளக்கு, திறந்த தொட்டி மூன்றும் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? அதே கதையின் 2005 படத்தில் பல லட்சம் லிட்டர் போலிச் சாக்லேட்டையே பயன்படுத்தினார்கள்.

சின்ன மேடைக்கு 10 லிட்டர் கணக்கு சொல்கிறேன். உணவுத் தர மெத்தில் செல்லுலோஸ் (தண்ணீரைத் தடித்த கூழாக்கும் தூள்), 4000 பிசுக்குத் தரம், 150 கிராம். இதைப் பச்சைத் தண்ணீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியும் வெளியே வழவழப்பு, உள்ளே உலர்ந்த மாவு என்று ஆகி என்ன அடித்தாலும் கரையாது. காரணம், இது சூட்டில் கரையாது, குளிரில்தான் கரையும். ஆகவே 3 லிட்டர் தண்ணீரை 85 டிகிரிக்குச் சூடாக்கி, தூளைத் தூவிக் கிளறி எல்லாத் துகளும் நனையும்படி செய்யுங்கள். கரைந்தது போலத் தெரியாது, கவலை வேண்டாம். பிறகு ஐஸ் போட்ட தண்ணீர் 7 லிட்டர் ஊற்றிக் கிளறி, இரவு முழுக்கக் குளிரில் விடுங்கள். காலையில் குமிழி அடங்கித் தெளிவான கூழ் இருக்கும்.

நிறத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குவது. பழுப்பு மட்டும் சேர்த்தால் ஒளி ஊடுருவி வடித்த காப்பி மாதிரி தெரியும். சாக்லேட் ஒளிபுகாப் பொருள். உணவுத் தர வெள்ளை நிறமியை முதலில் கொஞ்சம் சேர்த்துப் பால் போலாக்கி, அதற்கு மேல் பழுப்பு, கடைசியில் ஒரு துளி சிவப்பு. கரண்டியின் பின்புறத்தில் தடவிப் பாருங்கள். உலோகம் தெரிந்தால் வெள்ளை போதவில்லை.

பம்பு: மீன்தொட்டிப் பம்பு இதை இழுக்காது, சுட்டுப்போகும். ஓட்டம் காட்ட ஆறு முழுக்க நிரப்பாதீர்கள். பழுப்பு வண்ணம் பூசிய சரிவுப் பலகையில் மேலிருந்து வாளியால் ஊற்றி, கீழே தொட்டியில் பிடித்து, ஆள் வைத்துத் திரும்ப ஏற்றுவதே சிக்கனம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கூழை மாற்றிவிடுங்கள். தரையில் சிந்தினால் எண்ணெயைவிட மோசமாக வழுக்கும். நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்பு கட்டாயம்.

---

குட்டிக்கதை

ஜன்னல்? பிள்ளை அதை உடைத்து ஒரு துண்டை வாயில் போட வேண்டும்.

---

பாகுப்பதம்

30க்கு 35 செ.மீ., 4 மி.மீ. தடிமன் ஒரு கண்ணாடிக்கு: சர்க்கரை 500 கிராம், குளுக்கோஸ் சிரப் 250 கிராம், தண்ணீர் 250 மி.லி. சர்க்கரை முழுதாகக் கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டி படக்கூடாது. பாத்திர ஓரத்தில் தெறித்த படிகத்தை ஈரத் தூரிகையால் கழுவி இறக்கிக்கொண்டே இருங்கள், ஒரு படிகம் விழுந்தாலும் மொத்தப் பாகும் வெளுத்துவிடும். 150 டிகிரி வந்ததும் இறக்கி, பாத்திரத்தின் அடியைப் பத்து வினாடி தண்ணீரில் வைத்துச் சூட்டை நிறுத்துங்கள். குமிழி அடங்கியதும் எண்ணெய் தடவிய உலோகத் தட்டிலோ சிலிக்கோன் விரிப்பிலோ ஊற்றுங்கள்.

மஞ்சளாக வந்தால் 160-ஐத் தாண்டிவிட்டீர்கள், அல்லது சிறு தீயில் ரொம்ப நேரம் வைத்திருந்தீர்கள். உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை. அடுத்த நாள் ஒட்டினால் காற்று ஈரம். சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, மேடையேறும் அரைமணி நேரத்துக்கு முன் எடுத்தால் போதும்.

சர்க்கரைக்குப் பதில் ஐசோமால்ட் போட்டால் ஈரம் அவ்வளவாக இழுக்காது, பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். சர்க்கரைக்குப் பதில்தானே என்று தாராளமாகத் தின்னக் கொடுத்துவிடாதீர்கள், வயிற்றைக் கலக்கும். ஜன்னல் சட்டத்தில் ஐசோமால்ட், தின்கிற துண்டு சர்க்கரையில்.

---

அரங்கப்பொருள்

ஒரு எச்சரிக்கை: சர்க்கரைக் கண்ணாடியின் விளிம்பும் வெட்டும். பிள்ளை கையால் குத்தி உடைப்பது போல வைக்காதீர்கள். பெரிய தகட்டைப் பெரியவர் திரைக்குப் பின்னாலிருந்து சுத்தியால் தட்டட்டும். பிள்ளை எடுக்கும் துண்டு முன்பே தனியாக வார்த்தது, விளிம்பைச் சூடான தட்டில் ஒற்றி மழுக்கியது.

சுவரும் அதே தத்துவம். வீடு முழுதும் பிளைவுட், தெர்மோகோல். எட்டு வயதுக் கை எட்டும் உயரத்தில் மட்டும் நான்கைந்து குழி. அவற்றில் தின்னக்கூடிய கட்டிகளைச் சொருகுங்கள். இஞ்சி ரொட்டி 6 மி.மீ. கனம், அதற்குக் குறைந்தால் கழற்றும்போதே நொறுங்கும், கூடினால் பால்பல் தாங்காது. ஒட்ட ராயல் ஐசிங்: முட்டை வெள்ளைக்கரு 30 கிராமுக்கு ஐசிங் சர்க்கரை 180 கிராம். பிள்ளைகள் தின்பதால் பச்சை முட்டை வேண்டாம், பாஸ்சரைஸ் செய்ததை வாங்குங்கள். வாயகன்ற கிண்ணத்தில் வைத்தால் மேலே ஏடு கட்டும், ஈரத்துணி மூடி வையுங்கள். கொட்டைப் பருப்பு, பால், கோதுமை எது யாருக்கு ஆகாது என்பதை ஒத்திகைக்கு முன்பே பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குறும்படத்துக்கு ஒரு கணக்கு: கடிக்கும் ஷாட் ஒன்றுக்குப் பத்துக் கட்டியாவது தயார் வையுங்கள். ஒவ்வொரு டேக்கிலும் கடித்த அளவு மாறினால் எடிட்டிங்கில் ரொட்டி வளரும், தேயும். துப்புவதற்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். ஐந்தாவது கட்டிக்கு மேல் எந்தப் பிள்ளையின் முகத்திலும் ஆசை தெரியாது. ஆசை முகத்தை முதல் டேக்கிலேயே நெருக்கத்தில் எடுத்துவிடுங்கள். 1971 படத்தில் வொன்காவாக நடித்த ஜீன் வைல்டர் தேநீர் குடித்துவிட்டுக் கடித்துத் தின்னும் பூக்கோப்பை மெழுகு. அவர் முகத்தில் அது தெரியாது. பெரிய நடிகருக்குச் சரி, பிள்ளைகளிடம் மெழுகைக் கொடுத்து நடிப்பை எதிர்பார்க்காதீர்கள்.

---

மூன்றாம்வரி

கைவேலை எல்லாம் பிரமாதம். கதைக்குள் யாரும் கேட்காத கேள்வி ஒன்று: இத்தனை மிட்டாயையும் செய்வது யார்?

மிட்டாய்க் கற்பனையில் பெரிய ஓட்டை அதுதான். டாலின் முதல் பதிப்பில் தொழிற்சாலை வேலையாட்களான ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குள்ளர்கள். சம்பளம் கொக்கோ விதை. எதிர்ப்பு வந்தபின் 1973 பதிப்பில் தோற்றத்தையும் ஊரையும் மாற்றினார். சம்பளம் மட்டும் மாறவில்லை. உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் இன்றைக்கும் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டு நாடுகளிலிருந்து வருகிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியை வாசித்தால் வேறு மாதிரி இருக்கும்.

விளம்பரத்தையும் மறக்காதீர்கள். 1971 படத்துக்குப் பணம் போட்டது குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம். வொன்கா பெயரில் மிட்டாய் விற்பதற்காக. தலைப்பில் சார்லி போய் வொன்கா வந்தார். கனவு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது சிரமம்.

---

நூலகப்பூனை

அந்தக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் எட்டு வயதுக் கதையில் அதைப் பிரசங்கமாக வைத்தால் செத்துப்போகும். வேலையாள் ஒருவரைப் பாத்திரமாக்கினால் போதும். மிட்டாய் ஊரில் சர்க்கரையைக் கண்டாலே முகம் சுளிக்கும் ஒருவர், கொப்பரையைக் கிளறிக் கிளறிக் கை காய்த்தவர். மின்னலாக ஒரு வரி: "எனக்கு ஊறுகாய் இருந்தால் கொடு."

தண்டனை விஷயத்திலும் இதே அளவு வேண்டும். பேராசைக்குத் தண்டனை என்ற சட்டகம் இந்த வகைக் கதைகளில் தேய்ந்த தடம். தின்றால் உடனே கெட்டது நடந்தால் பிள்ளை அதைப் பெற்றோரின் குரலாகத்தான் கேட்கும். நார்னியாவில் இனிப்பு எட்மண்டை நோயாளியாக்குவதற்கு முன்பே "இன்னும்" என்று கேட்க வைக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக அவன் வாய் தானாகவே வீட்டு விவரமெல்லாம் சொல்கிறது. பயம் அங்கே இருக்கிறது.

---

குட்டிக்கதை

இப்போதைய முதல் பத்தி இது. தயவு தாட்சண்யம் வேண்டாம்.

"மின்னி கண் விழித்தாள். எங்கு பார்த்தாலும் மிட்டாய்! மரங்களில் லாலிபாப்புகள் தொங்கின. சாக்லேட் ஆறு சலசலவென்று ஓடியது. மார்ஷ்மெல்லோ மேகங்கள் வானில் மிதந்தன. 'ஆஹா, எவ்வளவு அற்புதம்!' என்று துள்ளிக் குதித்தாள்."

---

மூன்றாம்வரி

சலசலப்பது தண்ணீர். இத்தனை தடிப்பான குழம்பு சலசலக்காது. "தொளக்" என்று ஒரு குமிழி, வெகுநேரம் கழித்து இன்னொரு "தொளக்". இந்த ஒரு ஒலியை மாற்றினாலே வாசிக்கிற பிள்ளை காதைத் தீட்டிக்கொள்ளும்.

"எவ்வளவு அற்புதம்" வெட்டு. அற்புதமா இல்லையா என்று வாசகர் சொல்லட்டும். மூன்று காட்சியில் இரண்டு தூரத்தில் இருக்கின்றன. முதலில் தோலில் படுவதைக் கொடுங்கள். என் கை வைத்தால்:

"மின்னிக்குக் கன்னம் தலையணையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லப் பிய்த்தாள். நூல் நூலாக இழுபட்டு வந்தது. உதட்டோரம் பட்ட நூலை நாக்கால் தொட்டாள். நேற்று அக்காவோடு சண்டை போட்டுப் பாதி வாங்கினாளே, அதே மார்ஷ்மெல்லோ. வெளியே எங்கோ தொளக் என்றது."

நேற்றைய சண்டையில் இல்லாமையும் வந்துவிட்டது, பூனைக்குச் சந்தோஷம். உடல் சூட்டில் ஒட்டியது பாகுப்பதத்துக்கு.

---

அரங்கப்பொருள்

அந்தப் பத்தியை மேடையேற்றினால் நிஜ மார்ஷ்மெல்லோ வேண்டாம், விளக்குச் சூட்டில் முடியில் பிடித்துவிட்டால் அன்றைய ஒத்திகை போச்சு. துணித் தலையணை, கன்னம் படும் இடத்தில் உள்ளங்கை அளவு சிலிக்கோன் தகடு தைத்து, அதன்மேல் ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் சிரப். சிரப்பை முதலில் கொஞ்சம் காய்ச்சித் தடிப்பாக்கி, முழுக்க ஆறிய பிறகு தடவுங்கள். அப்போதுதான் நூல் பத்து செ.மீ. வரை இழுபடும், இல்லையென்றால் சொட்டும். முடியை இறுக்கிப் பின்னிவிடுங்கள். துடைக்க வெதுவெதுப்பான ஈரத்துணி. காய்ந்த துணியால் தேய்த்தால் தோல் சிவந்து அடுத்த காட்சியில் தெரியும்.